பொம்மைப் படைக்கு உயிர் கொடுப்பது எப்படி? மேஜை விளையாட்டு 'வார்ஹேமர் 40,000' அனிமேஷன் படமான கதை... தாம்பரத்தில் அனிமேஷன் படிக்கிறவங்க ஏன் தெரிஞ்சுக்கணும்?

மேஜை மேல் விரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள். கையில் பகடை, அளக்க ஒரு டேப். விளையாட்டு இவ்வளவுதான். இதை வைத்து முழுநீள அனிமேஷன் படம் எடுத்தார்கள், எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. பிறகு ஒரு ரசிகர் கிட்டத்தட்ட தனி ஆளாக உட்கார்ந்து சில நிமிடப் படங்கள் செய்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு, ரசிகர்கள் இப்படிப் படம் எடுக்கவே கூடாது என்று நிறுவனம் கதவைச் சாத்தியது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என ஜிஎஸ்டி சாலை நெடுக விஸ்காம், அனிமேஷன், விஎஃப்எக்ஸ் படிக்கும் மாணவர்கள் நிறைய. அவர்களில் பலர் முதலில் செய்து பார்ப்பது தங்களுக்குப் பிடித்த ஹீரோவை வைத்து ஒரு ரசிகர் படம்தான். அதனால் இங்கிலாந்தில் நடந்த இந்தக் கதை நம்ம ஊருக்கும் பொருந்தும். விரிவாகப் பார்க்கலாம்.

வார்ஹேமர் 40,000 என்றால் என்ன?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் விளையாட்டு இது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய நிறுவனம். 1983-ல் மாயாஜால உலகத்தை வைத்து 'வார்ஹேமர்' வந்தது. 1987-ல் ரிக் பிரீஸ்ட்லி வடிவமைத்த 'வார்ஹேமர் 40,000: ரோக் டிரேடர்' வெளியானது. அதே போரை விண்வெளிக்குக் கொண்டுபோன அறிவியல் புனைகதை வடிவம் அது.

விளையாடுவது எப்படி?

- வீரர்கள் பாகம் பாகமாக ஒரு பெட்டியில் வருவார்கள். வாங்கியவரே ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும்.
- ஒவ்வொரு வீரனுக்கும் புள்ளி உண்டு. இரண்டு பேரும் சம புள்ளிக்குப் படை திரட்டுவார்கள். பெரிய ஆட்டம் என்றால் வழக்கமாக 2,000 புள்ளி.
- செஸ் போல கட்டம் கிடையாது. எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை டேப் வைத்து அளப்பார்கள்.
- சுட்டால் பட்டதா, பட்டது காயப்படுத்தியதா, கவசம் தடுத்ததா? மூன்றையும் பகடைதான் முடிவு செய்யும்.

கதை நடக்கும் காலம் நமக்கு சுமார் 38,000 ஆண்டுகள் பின்னால். மனிதப் பேரரசு விண்மீன் மண்டலம் முழுக்கப் பரவி, எல்லாப் பக்கமும் போரில் மூழ்கிக் கிடக்கிறது. பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொற்சிம்மாசனத்தில், உயிர் இருந்தும் இல்லாத நிலையில் கிடக்கிறார். அவருக்காகப் போரிடும் ராட்சத வீரர்கள்தான் 'ஸ்பேஸ் மரீன்கள்'. அதில் நீலக் கவசம் போட்ட பிரிவின் பெயர் 'அல்ட்ராமரீன்ஸ்'.

இதற்கும் நம்ம சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் இருக்கிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தியதுதான் சதுரங்கம். அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆனது. 1780-ல் ஜெர்மானியரான ஹெல்விக், செஸ்ஸையே பெரிதாக்கி, நிலப்பரப்பும் பீரங்கியும் சேர்த்து ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். 1824-ல் பிரஷ்யா ராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்கு 'கிரீக்ஸ்பீல்' என்ற வரைபட விளையாட்டை ஏற்றுக்கொண்டது. 1913-ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து வீட்டிலேயே போர் விளையாட விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். வார்ஹேமர் இந்த வரிசையில் வந்த பேரப்பிள்ளை.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது தாம்பரத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மாமல்லபுரத்தில். 2024 டிசம்பர் 12-ல் உலக சாம்பியன் ஆன குகேஷ் சென்னைக்காரர். ஆக, பலகையில் நடக்கும் போர் நமக்குப் புதுசு இல்லை.

விளையாட்டைப் படமாக்குவதில் என்ன சிக்கல்?

செஸ் பலகையைக் கொடுத்து, "இதைப் படமாக எடுங்க" என்றால் என்ன செய்வீர்கள்? யார் ஹீரோ, ராஜாவா, கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணி ஆகும் சிப்பாயா? யார் வில்லன், வெள்ளையா கறுப்பா?

நாவலைப் படமாக்கும்போது கதை ஏற்கெனவே இருக்கும். வீடியோ கேமில் கூட ஒரு கதாநாயகன் இருப்பான். மேஜைப் போர் விளையாட்டில் கதைநாயகன் இல்லை. அங்கே இருப்பது ஒரு உலகம், விதிகள், ஆளுக்கொரு படை. கதையை உருவாக்குவது ஆடுபவர்தான். மூன்று மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய தளபதிக்கு அவரே பெயர் வைத்திருப்பார். அந்தத் தளபதி கடைசி ஆளாக நின்று பாலத்தைக் காப்பாற்றிய ஆட்டத்தை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுக்கப்போகும் படம் அதோடுதான் போட்டி போட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பகடை. ஒரு எளிய கணக்கு பாருங்கள். 3 அல்லது மேல் விழுந்தால் குண்டு படும். 4 அல்லது மேல் விழுந்தால் காயம். எதிராளி 3 அல்லது மேல் போட்டால் கவசம் தடுத்துவிடும். இப்படி ஒரு விதி என்றால், பட வாய்ப்பு 6-ல் 4, காயப்பட 6-ல் 3, கவசம் தோற்க 6-ல் 2. மூன்றையும் பெருக்கினால் 9-ல் 1. அதாவது, சராசரியாக 9 குண்டு சுட்டால்தான் ஒன்று உள்ளே இறங்கும்.

மேஜையில் இந்த ஒன்பது பகடையும் உருளும் நொடிகளில்தான் பதற்றம். திரையில் பகடை கிடையாது. ஒன்பதில் எட்டு குண்டு கவசத்தில் பட்டுத் தெறிக்கிறது, ஆனால் அந்த மனிதன் நடந்து வந்துகொண்டே இருக்கிறான் என்று காட்டினால்? அந்த எண்ணே ஒரு காட்சி ஆகிவிடும். இந்த இடத்தைப் பிடித்தவர்கள் ஜெயித்தார்கள்.

மூன்றாவது சிக்கல் பொம்மையின் உடம்பு. சின்ன பொம்மை தூரத்தில் இருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலை, கை, துப்பாக்கி எல்லாவற்றையும் பெரிதாக்கி வார்ப்பார்கள். ஸ்பேஸ் மரீன் தோள் கவசம் தலையை விடப் பெரிது. நிற்கும் பொம்மைக்கு அது கம்பீரம். கணினியில் அதே உருவத்தைக் கையைத் தூக்க வைத்தால், தோள் கவசம் ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிடும். உருவத்துக்கு எலும்புக்கூடு பொருத்தும் 'ரிக்கிங்' கலைஞர்கள், ஒவ்வொரு அசைவிலும் கவசத்தை லேசாக நகர்த்திப் பார்வையாளர் கண்ணை ஏமாற்ற வேண்டியிருக்கும்.

முதலில் யார் முயற்சி செய்தது?

இந்த வகையில் முன்னோடி என்று 'பேட்டில்டெக்' விளையாட்டைச் சொல்லலாம். ராட்சத இயந்திர மனிதர்கள் மோதும் அமெரிக்க மேஜை விளையாட்டு அது. 1994-ல் 13 எபிசோட் கார்ட்டூன் தொடராக வந்தது. மனிதர்கள் வரும் காட்சிகள் கையால் வரைந்தவை. இயந்திரங்கள் மோதும் இடத்தில் மட்டும் கணினி வரைகலை. விளையாட்டின் பகுதியையும் கதையின் பகுதியையும் இரண்டு விதமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே சீசனோடு தொடர் நின்றது.

வார்ஹேமர் 40,000-க்கு முழுநீளப் படம் 2010 கடைசியில் வந்தது. பெயர் 'அல்ட்ராமரீன்ஸ்'. கோடெக்ஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு, மார்ட்டின் பிக் இயக்கம். திரைக்கதை எழுதியவர், வார்ஹேமர் நாவல்களால் ரசிகர்களிடம் பெரிய பெயர் வாங்கிய டான் ஆப்நெட். குரல் கொடுத்தவர்கள் டெரன்ஸ் ஸ்டாம்ப், ஜான் ஹர்ட், ஷான் பெர்ட்வீ. தியேட்டரை நம்பாமல், இணையத்தில் ரசிகர்களுக்கு நேரடியாக டிவிடி விற்றார்கள்.

கதை எளிமையானது. மித்ரான் என்ற கிரகத்தில் இருந்து ஆபத்து அழைப்பு வருகிறது. அங்கே ஒரு புனித நூலைக் காக்க நின்ற நூறு பேர் கொண்ட படை என்ன ஆனது என்று தெரியவில்லை. அனுபவம் குறைந்த ஒரு சிறு அணி தேடிப் போகிறது. உயிரோடு இருப்பவர்களை நம்பலாமா என்ற சந்தேகம்தான் மீதிப் படம்.

எழுத்தாளர் சரி, குரல்கள் பிரமாதம். பிறகு எங்கே இடித்தது?

ஹெல்மெட் போட்டாலும் பிரச்னை, கழற்றினாலும் பிரச்னை!

ஸ்பேஸ் மரீன்கள் எல்லாருக்கும் ஒரே கவசம், ஒரே நிறம், ஒரே உயரம். ஹெல்மெட் போட்டுவிட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. அதனால் படத்தில் அடிக்கடி ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கழற்றினால் முகம் வேண்டும். முகம் என்றால் கண், உதடு, கன்னம் எல்லாம் நடிக்க வேண்டும். நடிகர்களின் முக அசைவைப் பதிவு செய்து அனிமேஷனுக்கு மாற்றும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியும், அந்தப் பட்ஜெட்டில் முகங்கள் மரத்துப்போய்த்தான் தெரிந்தன. தூசி படிந்த, காலியான நிலப்பரப்பும் விமர்சனத்துக்கு ஆளானது.

தமிழ் ரசிகர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். 2014 மே 23-ல் வெளியான 'கோச்சடையான்' நினைவிருக்கும். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில், நடிகரின் அசைவைப் பதிவு செய்து நிஜம் போலவே உருவாக்கிய இந்தியப் படம். அதில் போர்க்களமும் யானைப் படையும் எடுபட்ட அளவுக்கு முகங்கள் எடுபடவில்லை என்பதுதான் பரவலாக வந்த விமர்சனம். ரஜினியின் கண் சிமிட்டலைக் கூட மனப்பாடமாகத் தெரிந்த கூட்டம் நாம். முகத்தில் ஒரு இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம்.

மனித முகத்தைப் பொறுத்தவரை பாதி நிஜம் என்பது முழுக் கார்ட்டூனை விட உறுத்தும். அனிமேஷன் துறையில் எல்லோரும் பேசும் பழைய சிக்கல் இது.

தனி ஆளாக ஜெயித்தவர்

2018-ல் சியாமா பெடர்சன் என்ற அனிமேட்டர் யூடியூபில் 'அஸ்டார்டீஸ்' என்ற தொடரைத் தொடங்கினார். மொத்தம் ஐந்து பகுதிகள், 2020-ல் முடிந்தது. ஐந்தையும் சேர்த்தாலும் ஒரு டிவி சீரியல் எபிசோட் நீளம் கூட வராது. ஆனால் வார்ஹேமர் விளையாடாதவர்களும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அவர் செய்தது என்ன?

- பெரும்பாலும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. முகப் பிரச்னையே எழவில்லை.
- வசனம் கிட்டத்தட்ட கிடையாது. ஒரு தலையசைப்பு, ஒரு கை சைகை போதும்.
- கவசத்தின் எடை தெரிந்தது. ஒவ்வொரு காலடியும் இரும்புக் கதவு சாத்தியது போல இருந்தது.
- குண்டுகள் பட்டுத் தெறித்தன, வீரர்கள் நிற்காமல் முன்னேறினார்கள். நாம் மேலே போட்ட 'ஒன்பதில் ஒன்று' கணக்கு திரையில் தெரிந்தது.
- பிரபலமான ஹீரோ யாரும் இல்லை. பெயர் தெரியாத ஒரு அணி, எதிரியின் கப்பலுக்குள் நுழைகிறது, அவ்வளவுதான்.

கடைசிப் புள்ளிதான் முக்கியம். முகமும் பெயரும் இல்லாததால், பார்க்கிறவர் தன் மேஜையில் இருக்கும் வீரனை அந்த ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது. ஹீரோவைக் காட்டிய படத்தை விட, ஹீரோவுக்கு இடம் விட்ட படம் ஆடுபவருக்கு நெருக்கமானது.

இவர் மட்டுமல்ல. ரிச்சர்ட் பாய்லன் என்ற இன்னொரு ரசிகர், 'ஹெல்ஸ்ரீச்' நாவலைக் கறுப்பு வெள்ளை அனிமேஷனாகச் செய்தார். நிறத்தைக் குறைத்தால் வேலை குறையும், நிழலில் நிறைய விஷயத்தை மறைக்கலாம். கையில் காசு இல்லாததே ஒரு பாணியாக மாறியது.

2021: கதவு திறந்தது, கதவு மூடியது

இந்தத் திறமைகளை கேம்ஸ் வொர்க்‌ஷாப் கவனித்தது. பெடர்சனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பாய்லனின் பாணியில் கறுப்பு, வெள்ளை, சிவப்பில் 'ஏஞ்சல்ஸ் ஆஃப் டெத்' தொடர் உருவானது. 2021 ஆகஸ்டில் 'வார்ஹேமர் பிளஸ்' என்ற சந்தா தளம் தொடங்கியது. யூடியூபில் இலவசமாக இருந்த 'அஸ்டார்டீஸ்' நிறுவனத்தின் கைக்குப் போனது.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு அறிவிப்பு. தங்கள் கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் அனிமேஷனோ கேமோ உருவாக்குவதைத் துளியும் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று நிறுவனம் தன் விதிமுறையில் எழுதியது. பல ஆண்டுகளாக ஓடிய, பேரரசரைக் கிண்டல் செய்யும் ஒரு பிரபல நகைச்சுவைத் தொடர் உட்பட சில யூடியூப் படைப்புகள் நின்றுபோயின. ரசிகர்கள் கொதித்தார்கள்.

இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. "உலகம் எங்களுடையது, அதில் யார் படம் எடுப்பது என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம்" என்பது நிறுவனத்தின் பக்கம். சட்டப்படி அது சரி. "இந்த உலகத்துக்கு எப்படிப் படம் எடுப்பது என்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்ததே நாங்கள்தானே?" என்பது ரசிகர்களின் பக்கம். அதிலும் உண்மை இருக்கிறது.

இதற்கு முன்பே ஜெர்மனியில் ஒரு பெரிய ஏமாற்றம் நடந்தது. அங்குள்ள ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 'டாம்னாட்டஸ்' என்ற வார்ஹேமர் படத்தை நடிகர்களை வைத்து எடுத்து முடித்தார்கள். ஜெர்மன் சட்டப்படி, படைப்பாளி தன் உரிமையை முழுசாக இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. உரிமை முழுதும் தன்னிடம் வர வழியில்லை என்பதால், 2007-ல் நிறுவனம் வெளியிட அனுமதி மறுத்தது. முடிந்த படம் முறையாக வெளிவரவே இல்லை.

இப்போது நிலவரம் என்ன?

2024 டிசம்பர் 10-ல் அமேசான் பிரைம் வீடியோவில் 'சீக்ரெட் லெவல்' வெளியானது. 'டெட்பூல்' இயக்கிய டிம் மில்லர் உருவாக்கிய அனிமேஷன் தொகுப்பு. அதில் ஒரு எபிசோட் வார்ஹேமர் 40,000. கதை நாயகன் டைட்டஸ், வீடியோ கேம் மூலம் ஏற்கெனவே பிரபலமான கதாபாத்திரம். வசனம் குறைவு, எடை அதிகம், குண்டு தெறிக்கும் கவசம். 'அஸ்டார்டீஸ்' போட்ட பாதை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

அதே நாளில், 2022 டிசம்பரில் முதலில் அறிவிக்கப்பட்ட அமேசான் ஒப்பந்தத்தில், படைப்பு தொடர்பான விதிமுறைகளில் உடன்பாடு எட்டியதாக கேம்ஸ் வொர்க்‌ஷாப் தெரிவித்தது. திரைப்படம், தொடர் இரண்டுக்குமான ஒப்பந்தம் இது. 'சூப்பர்மேன்' ஹென்றி கேவில் நிர்வாகத் தயாரிப்பாளராக இருக்கிறார். அவர் வீட்டிலேயே பொம்மைக்கு வண்ணம் தீட்டும் தீவிர ஆட்டக்காரர்.

இவ்வளவு தயக்கத்துக்கு ஒரு வணிகக் காரணமும் இருக்கிறது. இந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 நிறுவனங்கள் பட்டியலுக்குள் நுழைந்தது. 2024-25 நிதியாண்டில் அதன் வருவாய் 60 கோடி பவுண்டுக்கு மேல். அதில் கேம், படம் போன்றவற்றுக்கு உரிமம் கொடுத்துக் கிடைத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் பொம்மை, பெயின்ட், புத்தகம். படம் சொதப்பினால் உரிமத் தொகையோடு போகாது, பொம்மை விற்பனையும் அடி வாங்கும் என்பதுதான் பயம்.

கதையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. இந்த மனிதப் பேரரசு நல்லவர்களின் அரசு இல்லை. சர்வாதிகாரமும் வெறுப்பும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கிண்டலாகக் காட்டும் உலகம் அது. 2021-ல் நிறுவனமே அறிக்கை விட்டு இதைத் தெளிவுபடுத்த வேண்டி வந்தது. மேஜையில் இரு தரப்பும் சமம் என்பதால் அந்தக் கிண்டல் புரியும். திரையில் பின்னணி இசையோடு ஸ்லோமோஷனில் நடந்து வந்தால் யாராக இருந்தாலும் ஹீரோ ஆகிவிடுவார். அமேசான் படக்குழுவுக்கு உண்மையான சோதனை இதுதான்.

தாம்பரத்தில் ஒருவர் இப்படிப் படம் எடுக்க முடியுமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும். 'பிளெண்டர்' போன்ற இலவச மென்பொருள் போதும். செலவாவது நேரம்தான்.

கணக்கு இதோ. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். 5 நிமிடப் படம் என்றால் 7,200 ஃபிரேம். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய 5 நிமிடம் என்று வைத்தால் 36,000 நிமிடம், அதாவது 600 மணி நேரம். ஒரே கம்ப்யூட்டர் 25 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். மே மாத வெயிலில், மின்வெட்டு இல்லாமல்! அதுவும் எதையும் திருத்தாமல் ஒரே முறையில் முடிந்தால்தான். ஹெல்மெட், நிழல், புகை, கறுப்பு வெள்ளை போன்ற உத்திகளை ரசிகர்கள் ஏன் தேடினார்கள் என்பது இப்போது புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம ஊரில் பலரும் நினைப்பது: "காசு சம்பாதிக்கலையே, ரசிகர் படம்தானே, கீழே 'உரிமை அவர்களுக்கே' என்று போட்டுவிட்டால் போதும்." போதாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 சொல்வது சுருக்கமாக:

- தழுவும் உரிமை: ஒரு கதையையோ ஓவியத்தையோ படமாக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே.
- விதிவிலக்கு: பிரிவு 52-ன்படி தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவு பயன்படுத்தலாம். வீட்டில் செய்து பழகுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. காசு வாங்கவில்லை என்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.
- கருவுக்கு உரிமை இல்லை: 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தன் நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் எடுத்ததாக ஒரு நாடக ஆசிரியர் வழக்குப் போட்டார். கரு, கருப்பொருள், கதைப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்று கூறிய நீதிமன்றம், அவர் கோரிக்கையை ஏற்கவில்லை.

அப்படி என்றால் நடைமுறையில்? எதிர்காலப் போர், கவச வீரர்கள், ஆபத்து அழைப்பு வந்த கிரகம் என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. பகடை போட்டு ஆடும் முறையும் அப்படித்தான். ஆனால் 'அல்ட்ராமரீன்' என்ற பெயர், அந்தச் சின்னம், அந்தக் கவசத்தின் வடிவம் ஆகியவற்றில் கை வைத்தால் சிக்கல்.

உங்கள் படைப்பு உங்களுடையதா?

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் திறமையைப் பார்த்து யாராவது வேலை கொடுத்தால் கவனிக்க வேண்டியவை:

- காசு கொடுத்து ஒருவர் உங்களிடம் படம் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான் (பிரிவு 17). வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.
- உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து, கையெழுத்து அவசியம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 19).
- உரிமையை விற்ற பிறகும், எழுதியவர், வரைந்தவர் போன்ற படைப்பாளி 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை போகாது (பிரிவு 57).

பெரிய தொகை, பெரிய நிறுவனம் என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

அப்போ என்னதான் செய்யலாம்?

'அஸ்டார்டீஸ்' கொடுத்த பாடத்தில் நிறுவனத்தின் சொத்து எதுவும் இல்லை. முகத்தைத் தவிர்ப்பது, எடையைக் காட்டுவது, வசனத்தைக் குறைப்பது, ஆடுபவருக்கு இடம் விடுவது எல்லாம் உத்திகள். உத்திக்கு யாரும் காப்புரிமைக் கட்டணம் கேட்க முடியாது.

விளையாட்டுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து நின்று புலியை அசைய விடாமல் அடைக்கும். இரண்டு பக்கமும் சமமில்லாத படை. ஒரு பக்கம் பலம், இன்னொரு பக்கம் எண்ணிக்கை. ஒரு ஆடு தன்னைக் கொடுத்துத்தான் மற்ற ஆடுகளுக்கு வழி கிடைக்கும். ஒரு அறிவியல் புனைகதைப் போர்ப் படத்துக்கு இதற்கு மேல் என்ன கரு வேண்டும்? பல ஊர்களில் கோயில் கல்தளத்திலேயே இதன் கட்டம் கீறியிருக்கும். இதற்கு உரிமையாளர் யாரும் கிடையாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். விதி நம்முடையது, கதை இனிமேல் எழுத வேண்டியது.

அமேசானின் வார்ஹேமர் படமோ தொடரோ வரும்போது, முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: ஹீரோ எப்போது ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், கழற்றிய பிறகும் உங்களுக்கு அவர் மேல் நம்பிக்கை இருக்கிறதா? படம் ஓடுமா ஓடாதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.